இடது நெற்றியில் நாற்பது

அந்தத் தலையை அவளுக்குத் தெரியும்.

வடசேரியிலிருந்து கீரிப்பாறைக்குப் போகும் சாயங்கால பஸ். வெளியே மழை... ஷட்டரெல்லாம் இறக்கியாயிற்று. நின்றுகொண்டிருந்த சுபிதாவின் முன்னால், சீட்டில் இருந்தவனின் பின்மண்டை. வலது காதுக்குப் பின்னால் பிறை போல ஒரு தழும்பு. அவள் வேலை பார்க்கும் முடி நடும் கிளினிக்கில், பத்து மாதத்துக்கு முன், அந்தத் தழும்பைச் சுற்றித்தான் ஒவ்வொரு வேராக எடுத்தாள். முகம் பாதி துணிக்குள் இருந்தது, நினைவில்லை. தழும்பு மறக்கவில்லை.

வளைவில் பஸ் சாய்ந்தது. அவள் குடையிலிருந்த தண்ணீர் மொத்தமும் அந்தத் தலையில்...

"என்னங்க இது, குடைய என் தலையிலயா பிழியணும்?"

"ஐயோ, தலைய அனக்காதிய, துடைச்சிருதேன்!"

தலையை அசைக்காதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லும் வேலைப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவன் சட்டென்று திரும்பினான். கோபமாக வந்த கண்கள், பாதி வழியில் விரிந்து நின்றன. இமையில் ஒரு துளி தண்ணீர்...

"இந்தச் சத்தம்... ஆறு மணி நேரம் 'அனக்காதிய அண்ணா'ன்னு சொன்ன ஆளுலா நீங்க? மாஸ்க்குக்குள்ள இப்படி ஒரு மூஞ்சியா இருந்துச்சு?"

"எப்படி ஒரு மூஞ்சி?"

"அண்ணான்னு கூப்பிடக்கூடாத மூஞ்சி."

அவள் ஷட்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் பெயர் எபிசன். கீரிப்பாறை ரப்பர் ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவள் தடிக்காரன்கோணத்தில் இறங்குபவள். அதன்பிறகு மூன்று வாரம், அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அவனுடைய பை அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தது.

ஒருநாள் அவன் நெற்றியைத் தடவினான்.

"எல்லாம் முளைச்சிட்டு. இந்த இடது பக்கம் மட்டும் ஏன் சுபிதா தரிசா கெடக்கு? அம்மைக்கு ஒரே கவலை. வாற ஞாயித்துக்கிழம கருங்கல் ஊருல பெண்ணு பாக்கப் போணுமாம்..."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். போகாதிய என்று ஒரு வார்த்தை சொல்வாளா...

அவள் கண் அந்த இடது நெற்றியிலேயே நின்றது. அங்கே ஏன் முளைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

எடுத்த வேர்களை நடுவதற்காக ஈரத் துணியில் வரிசையாக வைத்தால், நிமிடத்துக்கு ஒருமுறை உப்புநீர் தெளிக்க வேண்டும். காய்ந்தால் செத்துவிடும். அன்று கண்ணை மூடிய துணிக்குக் கீழிருந்து அவன், "நாங்க ரப்பர் மரத்துக்கே ஒரு நேரம் ஒரு கீறல்தான் போடுவோம். நீங்க ஒரே நாள்ல ரெண்டாயிரம் குழியா?" என்றான். அவள் சிரித்தாள். அடுத்தடுத்து எஸ்டேட் கதைகள்... தெளிக்க மறந்தாள். நாற்பது வேர்கள் சருகாகச் சுருண்டுவிட்டன. டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் மறுபடி நனைத்து, இடது நெற்றியில் நட்டுவிட்டாள். பிழைத்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அப்போதே தெரிந்திருந்ததோ...

சொன்னால் இவன் போய்விடுவான். சொல்லாவிட்டால், இத்தனை நாள் சிரித்த சிரிப்புக்கு என்ன அர்த்தம்?

சொல்லிவிட்டாள். நாற்பது என்ற எண்ணிக்கை உட்பட.

எபிசன் நெற்றியிலிருந்த கையை எடுத்தான்.

"முடி போனா போட்டு. மூணு வாரமா இத தெரிஞ்சு வச்சிட்டா என் பக்கத்துல இருந்து சிரிச்சிய?"

எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டான். அவள் மழையில் இறங்கியபோது அவன் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழுந்தது. "அந்த ஆள கூப்பிட்டு நாப்பதையும் திரும்ப வச்சுக் குடுக்கணும். நீ அந்த ரூமுக்கே போகாத" என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை எபிசன் கிளினிக்குக்கு வந்தான்.

"அந்தப் பிள்ளைதான் வைக்கணும் டாக்டர். வேற ஆளு வேண்டாம்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். வேர்களை எடுத்து, நெற்றியில் துளைகள் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கண்ணை மூடிய துணியோடு அவன் மல்லாந்து கிடந்தான். தலைமாட்டில் அவள்.

"சுபிதா... கருங்கல்லுக்கு நான் போகல்ல."

அவள் கை நின்றது. உடனே தண்ணீர் தெளித்தது.

"கோவம் இருந்துச்சு. அந்தக் கோவத்தோட ரெண்டு நாளு தனியா பஸ்ஸுல போய்ப் பாத்தேன்... முடியல்ல. பயந்தாலும் கடைசில உண்மையச் சொல்லுத பிள்ளைய விட்டுட்டு வேற யார பாக்கப் போவேன்? எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?"

"இப்பம் பேசாதிய. வெளிய இருக்கு, காஞ்சிரும்."

"எது, என் நெஞ்சா?"

"வேரு!"

ஒவ்வொன்றாக நட்டாள். குருத்தில் இடுக்கி படாமல், ஓரத்துச் சதையை மட்டும் பிடித்து... நட்டதும் தெளித்து... கண் நிறைந்து வழிந்தது. கையுறையோடு துடைக்க முடியவில்லை. முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...

நாற்பது.

கையுறையைக் கழற்றினாள். அவன் கண்மேலிருந்த துணியை எடுத்தாள். மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். அவனுக்கு அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"எனக்கும் பிடிச்சிருக்கு எபிசன்..." என்றாள். "அன்னைக்கே. தண்ணி தெளிக்க மறந்த அன்னைக்கே."