கட்டைவிரலின் இடம்

ஈரோடு மாவட்டப் பெண்கள் டேபிள் டென்னிஸ் காலிறுதியில் ஆடிய எட்டுப் பேரில் ஐந்து பேர், மட்டையை மிருதுளாவின் விரல்களால் பிடித்திருந்தார்கள். சுட்டுவிரல் மட்டையில் ஒட்டிய ரப்பரின் கீழ் விளிம்பை ஒட்டிச் சற்றே வளைந்து கிடந்தது. கட்டைவிரல் மறுபக்கத்தில், கைப்பிடி தொடங்கும் இடத்தில் படிந்திருந்தது. சிறுவிரல் மட்டும் எதையும் தொடாமல் விலகி நின்றது. பதினேழு வயதில் மிருதுளாவின் சிறுவிரல் முறிந்து கோணலாகக் கூடியதால் வந்த பழக்கம் அது. பிடியை வாங்கியவர்கள் கோணலையும் சேர்த்தே வாங்கியிருந்தார்கள்.

விரலுறை புழக்கத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோலைப் போல மெல்லிய அந்த உறை, ஒருவர் எந்த விரலை எங்கே வைக்கிறார், எப்போது அழுத்துகிறார், எப்போது தளர்த்துகிறார் என்பதையெல்லாம் பதிந்துகொள்ளும். இன்னொருவர் அணிந்தால் அதே அசைவுகளைச் சிறு மின்துடிப்புகளாக அவர் தசைகளுக்குக் கொடுக்கும். மூன்று மாதம் பழகினால், உறையைக் கழற்றிய பிறகும் பிடி கையில் தங்கிவிடும். முடிதிருத்துபவரின் கத்திரிப்பிடி, பரோட்டா மாஸ்டரின் வீச்சு, வீணைக் கலைஞரின் மீட்டல் எல்லாமே பதிவுகளாகக் கிடைத்தன. இரண்டு முறை மாநிலப் பட்டம் வென்ற மிருதுளாவின் பிடிக்கும் நல்ல கிராக்கி இருந்தது.

அவள் கணவர் கவியரசுவின் பிடியை யாரும் பதிந்ததில்லை. நூற்பாலைப் பொறியாளராக இருந்த அவர் மோசமான ஆட்டக்காரர். கட்டைவிரலை ரப்பரின் நடுவில் ஏற்றி வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும்போது மிருதுளா அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். அடுத்த பந்துக்குள் அது மறுபடி மேலே ஏறியிருக்கும். முப்பது வருடமாக இது நடந்தது.

ஐம்பத்தெட்டாம் வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் காலும் திரும்பின. வலது கை மட்டும் திரும்பவில்லை. இயன்முறை சிகிச்சையாளர் ரெஹானா, விரலுறை போட்டால் கை எழும், ஆனால் அதற்கு ஏதாவது ஒரு பதிவு வேண்டும், அதில் உள்ள அசைவுகள்தான் கைக்கு வரும் என்றாள். மிருதுளா யோசிக்கவே இல்லை. தன் பதிவையே, அன்றாட வேலைகளையும் சேர்த்துப் பதிந்து, கொடுத்தாள்.

ஆறு மாதத்தில் கவியரசு தானே சட்டைப் பொத்தான் போட்டார், சாதம் பிசைந்து சாப்பிட்டார். ஆட்ட மேசை முன் நின்றபோது அவளுடைய சுழல் பந்துகளைக்கூடத் திருப்பி அடித்தார். மிருதுளாவின் சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஒரு நாள் மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருந்தபோது அவர் அவள் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய சுட்டுவிரல் அவள் மணிக்கட்டின் ஓரமாக வளைந்து படிந்தது. சிறுவிரல் விலகி நின்றது. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டதுபோல இருந்தது அவளுக்கு. வியர்வையைத் துடைப்பதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். அந்த வாரம் இன்னும் இரண்டு முறை அப்படிச் செய்த பிறகு, கவியரசு காரணம் கேட்டார்.

"உங்க கை திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சனுங்க," என்றாள் மிருதுளா. "வந்தது என் கை."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் தெரியும் மிருது. ஷேவ் பண்ணும்போது நீ பண்ணிவிடற மாதிரியே இருக்கும். எனக்கு அது பிடிச்சுத்தான் இருந்துச்சு."

மறுநாள் மிருதுளா பதிவில்லாத ஒரு விரலுறையை வாங்கி வந்தாள். மூன்று வாரம் அதைப் போட்டுக்கொண்டு கணவரைப் போலவே ஆடினாள். கட்டைவிரலை நடு ரப்பரில் ஏற்றினாள். வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்தாள். அவரைப் போலவே டம்ளரைத் தூக்கினாள், பேனா பிடித்தாள், தன் இடது கையைத் தன் வலது கையால் அவர் பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்த்தாள். பதிவைச் சரிபார்த்த ரெஹானா தயங்கினாள். இது சாருடைய பிடி இல்லை, அவர் பிடியைப் பற்றி உங்களுக்கு இருக்கும் ஞாபகம்தான் என்றாள்.

"வேற எங்கயும் அது இல்லையேம்மா," என்றாள் மிருதுளா.

கவியரசு அதை மூன்று மாதம் போட்டுக்கொண்டார். உறையைக் கழற்றிவிட்டு மேசைக்கு வந்த முதல் நாள், இரண்டாவது பந்திலேயே அவருடைய கட்டைவிரல் ரப்பரின் நடுவுக்கு ஏறியது. மிருதுளா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் ஓங்கி ஒரு பந்தை அடித்தபோது மட்டை கையிலிருந்து நழுவிச் சன்னலோரம் போய் விழுந்தது.

மட்டையைப் பிடிக்கத் தேவையான அழுத்தத்தில் பாதிகூட இல்லை என்று ரெஹானாவின் கருவி காட்டியது. கவியரசுவுக்கு வியப்பாக இருந்தது. விரல்கணு வெளுக்கும் அளவுக்குத் தான் இறுக்கிப் பிடித்ததாகவே அவருக்கு நினைவு. மிருதுளா ஒப்புக்கொள்ளவில்லை. மட்டையை அவர் எப்படி அழுத்தினார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கையை அவர் பிடித்த விதம். அந்த அழுத்தம் இவ்வளவுதான் இருந்தது என்று உறுதியாகச் சொன்னாள். வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டித் தருவதாக ரெஹானா சொன்னாள்.

கவியரசு வேண்டாம் என்றார். "இவ ஞாபகத்துல இருக்கற ஆளாவே இருந்துட்டுப் போறேனுங்க."

இரண்டு மாதம் கழித்து, புனேயில் இருக்கும் மகள் இருவரையும் அங்கே வந்துவிடச் சொன்னாள். மிருதுளா கிளம்பத் தயாராக இருந்தாள். கவியரசுவுக்கு மனமில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சு முற்றியது. நான் எங்கேயும் வரப்போவதில்லை என்று அவர் கையை ஓங்கி மேசையை அறைந்தார்.

தூங்கும் குழந்தையின் முதுகில் விழுவதுபோல அந்தக் கை மெத்தென்று விழுந்தது. சத்தமே இல்லை. அவர் மறுபடி ஓங்கினார். மறுபடியும் அப்படியே விழுந்தது. இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் முன்னாடி கோபத்துல மேசையைத் தட்டினதே இல்லையா?" என்று கேட்டார் கவியரசு.

தட்டியிருக்கிறார். கல்யாணமான இரண்டாம் வருடம் இரண்டு கண்ணாடித் தட்டுகள் உடைந்தன. அவள் கோபித்துக்கொண்டு பத்து நாள் அம்மா வீட்டில் இருந்தாள். மூன்று வாரம் அவர் கையாகவே இருந்தபோது அது ஒருமுறைகூட அவள் விரலுக்கு வரவில்லை. மறந்து போனாளா, வேண்டாமென்று விட்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. நல்ல கையைத்தான் கொடுத்தோம் என்று இத்தனை நாள் இருந்துவிட்டாள். தன்னிடம் கோபப்பட முடியாத கையைக் கொடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் புரிந்தது.

"தட்டியிருக்கீங்க," என்றாள். "நான்தான் பதியல."

அவர் தன் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப எனக்காக நீ தட்டு," என்றார். "புனேக்கு வரலைன்னு."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். வலது கையை ஓங்கி, தனக்கே எதிராக மேசையில் அறைந்தாள். டம்ளர்கள் அதிர்ந்தன.

"பத்தாது மிருது," என்றார் அவர். "எனக்கு இன்னும் கோபம் இருக்கு."

அவள் இன்னொரு முறை, உள்ளங்கை சிவக்கும்படி அறைந்தாள்.