வலைக்கு அந்தப் பக்கம்

ஸ்கிரீன் பிரிண்டிங் அச்சுக்கூடத்தை என் அக்காவுக்கு விற்றுச் சாவியைக் கொடுத்தபோது பழைய அச்சுக்காரர் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்.

"கழுவின ஃபிரேமைப் பேப்பர் வெச்சு ஒத்தி எடுங்கம்மா. வாயால மட்டும் ஊதாதீங்க. என் வீட்டுக்காரி ஊதி ஊதித்தான் ஈரம் எடுப்பா. ஒருநாள் அந்தக் கழுவற தொட்டிகிட்டயே போயிட்டா."

அக்கா தலையாட்டினாள். யார் என்ன சொன்னாலும் என் அக்கா தலையாட்டுவாள். கேட்பது வேறு விஷயம்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. கழுத்துக் கயிற்றில் இன்ஹேலர் எப்போதும் தொங்கும். அவள் மூச்சுக்குக் காவலாகத்தான் நானும் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன்.

முதல் ஆர்டர், மருந்து டப்பாக்களுக்கான லேபிள். எறும்பு அளவு எழுத்துகள். கழுவும் அறைக்கு ஜன்னல் கிடையாது. வலையில் பூசும் எமல்ஷன் பசை வெயிலைப் பார்த்தால் இறுகிவிடும் என்பதால் ஒரேயொரு மஞ்சள் பல்புதான். வெளியே பட்டப்பகல். கதவைச் சாத்தியதும் மணி என்ன என்பதே மறந்துபோனது. புளித்த பசையும் நனைந்த சாக்கும் கலந்த வாடை அடித்தது.

வலை இழுத்துக் கட்டிய ஆளுயர ஃபிரேமைத் தொட்டியில் நிறுத்தி, நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். அக்கா முன்னால் நின்று ஹோஸால் தண்ணீர் அடித்தாள். வலை முழுக்கப் பச்சைப் பூச்சு இறுகி நிற்க, எழுத்து இருந்த இடங்களில் மட்டும் எமல்ஷன் கரைந்து வழிந்தது. ஆனால் கரைந்ததில் கொஞ்சம், தண்ணீரோடு சேர்ந்து எழுத்தின் நுண்ணிய ஓட்டைகளிலேயே தங்கிவிடும். அது காய்ந்துவிட்டால் மை இறங்காது, ஃபிரேமே வீண். பேப்பரை வைத்து வைத்துப் பத்து முறை ஒத்த வேண்டும். பொறுமைக்கும் என் அக்காவுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

"பேப்பர் எல்லாம் ஊறிப்போச்சுடி. ஊதிடறேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"மனுஷன் பொண்டாட்டி போன துக்கத்துல என்னமோ சொல்றார்."

"நீயே மூச்சுக்குத் திண்டாடற. இதுல ஊதல் வேறயா?"

உதட்டைக் குவித்து ஊதினாள். வலைக்கு இந்தப் பக்கம், என் கன்னத்தில் அவள் மூச்சு வெதுவெதுப்பாகப் பட்டது. எழுத்துகளில் நின்ற நீர்ப்படலம் ஒவ்வொன்றாக உடைந்தது. மேல் வரி பளிச்சென்று திறந்துகொண்டது.

மறுபடி என் கன்னத்தில் மூச்சு. இந்த முறை ஜில்லென்று.

"என்னக்கா, ஐஸ் தின்னியா?"

"என்னடி?"

குரல் தரையிலிருந்து வந்தது.

அக்கா குனிந்து, கீழே விழுந்த பேப்பரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என் கன்னத்தில் அந்த ஜில்லென்ற மூச்சு நிற்கவில்லை.

ஃபிரேமைப் பின்னால் இழுத்தேன்; அது தொட்டியில் இடித்துச் சத்தமிட்டது. "அக்கா, கிட்ட வராத," என்றேன். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் எழுந்து, ஒன்றும் தெரியாமல், அடுத்த வரியில் வாய் வைத்து ஊதினாள்.

அந்த மூச்சு என் கன்னத்துக்கு வந்து சேரவே இல்லை.

எட்டிப் பார்த்தேன். அக்காவின் உதடு வலையோடு ஒட்டியிருந்தது. கன்னம் குழிந்து, கண் பிதுங்கி, இரண்டு கையாலும் ஃபிரேமைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் விடுபடவில்லை. அவள் ஊதவில்லை. அவளுக்குள் இருந்ததை எதுவோ உறிஞ்சிக்கொண்டிருந்தது.

தொட்டி மேலிருந்த பிளேடை எடுத்து வலையைக் கிழித்தேன்.

அக்கா மல்லாந்து விழுந்தாள். முதல் ஆர்டர் நாசமாய்ப் போகட்டும். இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன், அழுதேன், கண்டபடி திட்டினேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "நல்லாத்தான்டி இருக்கேன். டாக்டரெல்லாம் வேணாம்," என்றாள். நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். எத்தனையோ வருஷமாக இருந்த அந்த இழுப்பின் விசில் சத்தம் இல்லை. பைத்தியக்காரி நான், சந்தோஷப்பட்டேன்.

வண்டி பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஜன்னலோரக் கட்டிலில் படுத்ததும் தூங்கிவிட்டாள். வெளியே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலின் கொசுவலையில், ஒவ்வொரு ஓட்டையிலும் மழைநீர் படலமாக நின்றது.

அக்காவின் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு படலம் உடைந்தது.

பக்கத்தில் இன்னொன்று. பிறகு நாலைந்து.

காற்றே இல்லை. சுற்றியிருந்த படலங்கள் அசையக்கூட இல்லை. உடைந்த இடம் மட்டும் வட்டமாக, ஒரு வாய் அளவுக்கு வந்து நின்றது. குறுக்கே நீட்டிய என் கையில் ஜில்லென்று பட்டது. புளித்த பசை வாடை.

"அக்கா, எழுந்திரு!" அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

தூக்கத்திலேயே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டைக் குவித்து, பதிலுக்கு ஊதினாள்.