ஓஸின் மறுமுனை

கம்ப்ரசரின் டேங்கில் ஒரு பொட்டுக் காற்றுகூட இல்லை. அடியிலிருந்த திருகைத் திறந்து ஜெஸ்மியே இறக்கிவிட்டிருந்தாள். ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் மூட்டை தூக்குகிறவன் மாதிரி முக்கியது, பெல்ட் கிறீச்சிட்டது, சுவரிலிருந்த பிரேக்கர் டக்கென்று விழுந்தது. அதுகூடப் போகட்டும். டேங்கிலிருந்து வடிந்த தண்ணீர்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. காற்றிலிருக்கிற ஈரம் உள்ளே தண்ணீராகத் தேங்குவது சகஜம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஆனால் இதில் மணல் கிடந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல்தண்ணீர்.

புருஷன் டிக்சன் இருந்தவரை இந்தக் கம்ப்ரசர் வள்ளத்தில் டீசல் இஞ்சினில் ஓடியது. அவன் சங்கு குளிப்பவன். அதிலிருந்து காற்றுக் கொண்டுபோகிற நீள மஞ்சள் ஓஸின் ரப்பர் முனையைக் கடித்துக்கொண்டு கடலடியில் நடப்பான். கீழேயிருந்து இழுத்தால் தூக்கிவிட, மேலே ஓஸைப் பிடித்துக்கொண்டு ஜெஸ்மியின் அண்ணன் சிலுவை உட்கார்ந்திருப்பான். கீழே போகிறவனுடைய கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்திலிருந்து அந்தக் கரையில் உள்ள வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதற்கு எந்த அண்ணன் சம்மதிப்பான்? அப்படி ஒரு நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான்.

மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம் ஓஸ் மட்டும் மேலே வந்தது. டிக்சன் வரவில்லை. கடல் அவன் உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை.

“மச்சான் ஒரு தடவகூட ஓஸ இழுக்கலளா. இழுத்திருந்தா விட்டிருப்பனா?” என்று சிலுவை அவள் காலடியில் விழுந்து அழுதான். ஜெஸ்மி நம்பினாள். நம்பாமல் வேறென்ன செய்வாள்? புருஷனும் போய், அண்ணனும் இல்லையென்று ஆகிவிட்டால் உலகத்தில் அவளுக்கென்று யார் மிச்சம்? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

மாப்பிள்ளையூரணியில் ரோட்டைப் பார்த்த வீடு. ஹார்பருக்குப் போகிற லாரியும் பைக்கும் ஓயாத ரோடு. முன்னறையில் காற்றடிக்கிற கடை போடலாம் என்று யோசனை சொன்னதும், கம்ப்ரசருக்குக் கரண்ட் மோட்டார் மாட்டிக் கொடுத்ததும் சிலுவைதான். அது ஓட மாட்டேன் என்கிறது என்று அவள் போன் பண்ணியதும், சாயங்காலம் ஸ்பானர் பையோடு வந்தான். வெளியே ஐப்பசி மேகம் கருத்துக் கிடந்தது.

“எக்ஸ்டென்ஷன் போர்டுல கொடுத்தா தாங்குமா? வயரு சூடாவும்லா,” என்றான்.

நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்தான். விழுந்தது. பிரேக்கரைக் கழற்றி, பெரிய ஆம்பியரில் ஒன்று வாங்கி வந்து மாட்டினான். விழுந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தான். வெறும் மோட்டார் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. பெல்ட்டை மாட்டி, ஓஸைக் கழற்றினான். தடதடவென்று ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஓஸை மாட்டினான். முக்கல், கிறீச், டக்.

“ஓஸ் மாட்டுனாத்தான் விழுது,” என்றாள் ஜெஸ்மி.

“எங்கனயாவது அடைச்சிருக்கும்.”

“அடைச்சிருந்தாலும் டேங்க் நெறஞ்ச பெறவுதான பாரம் வரும்? இது போட்ட உடனே விழுதே அண்ணே.”

சிலுவை நெற்றியைத் துடைத்தான். மோட்டார் நின்ற பிறகும் ஓஸுக்குள் ஒரு சத்தம் இருந்தது. காற்று வெளியேறுகிற சீறல் இல்லை. யாரோ உள்ளே இழுக்கிற சத்தம். இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். ஜெஸ்மி தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அவளுடைய மூச்சு இல்லை அது.

ஓஸ் பின்ஜன்னல் வழியாக முற்றத்துக்குப் போயிருந்தது. காலையில்தான் அதைக் கழுவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தாள். இரண்டு பேரும் பின்னால் போய்ப் பார்த்தார்கள். சுருளைக் காணோம். தொட்டியின் சிமெண்ட் மூடி ஒருபுறம் நகர்ந்திருந்தது. ஜன்னலிலிருந்து தொட்டிக்குள் ஓஸ் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக நின்றது.

தரைக்குள் கட்டிய தொட்டி அது, நெஞ்சளவு ஆழம். போன மாதம் அவளே உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினாள். கடலடி வரைக்கும் போகிற ஓஸ் அவ்வளவும் அந்த நெஞ்சளவுக்குள் எப்படிப் போகும்? ஜெஸ்மி குனிந்து பார்த்தாள். தண்ணீர் கறுப்பாக இருந்தது. கடற்பாசி வாடை குப்பென்று வந்தது.

ஓஸ் இரண்டு முறை வெடுக்வெடுக்கென்று இழுபட்டது.

இரண்டு இழுப்பு என்றால் மேலே தூக்கு என்று அர்த்தம். டிக்சன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

சிலுவையின் கை தானாக நீண்டது. ஓஸைப் பிடித்தது. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அவன் குந்தி உட்கார்ந்தான். தொட்டியைப் பார்க்கவில்லை. காம்பவுண்ட் சுவருக்கு அப்பால் எதையோ தூரத்தில் பார்த்துக்கொண்டு, அடங்கிய குரலில் பேசினான்.

“பொறு மச்சான். ரோந்துப் படகு தாண்டிப் போவட்டும். இஞ்சினை அமத்திட்டேன். செத்த நேரம் மூச்சப் பிடி.”

பிறகுதான் தன் குரல் அவன் காதில் விழுந்தது போலிருந்தது. திரும்பித் தங்கச்சியைப் பார்த்தான்.

ஜெஸ்மிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது, அவ்வளவுதான்.

“இழுத்தாகளா?”

“கம்ப்ரசர் வச்சுக் குளிக்கத் தடையிருக்குல்லா, சத்தம் கேட்டா பிடிச்சிருவானுவ. கேசுன்னு வந்தா நான் எங்களா போவேன்...”

“எத்தன தடவ இழுத்தாக?”

“எண்ணலளா,” என்றான்.

அவள் முன்னறைக்குப் போனாள். பிரேக்கரை மேலே தள்ளினாள். முக்கல் இல்லை. கிறீச்சிடல் இல்லை. கம்ப்ரசர் ஓடியது. பிரேக்கர் விழவில்லை.

திரும்பி வந்தபோது தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. சிலுவையின் மணிக்கட்டில் ஓஸ் இறுகியிருந்தது. விரல்கள் கருநீலம்.

“ஆஃப் பண்ணுளா. கத்தி எடுத்துட்டு வா. இத வெட்டு.”

“வெட்டுனா அவுகளுக்குக் காத்து?”

“ஜெஸ்மி.”

“இழு. நீதான இழுக்கணும்.”

அவன் இழுத்தான். குதிகாலை விளிம்பில் ஊன்றி இழுத்தான். ஓஸ் ஒரு சாண் வந்தது. நின்றது. பிறகு போயிற்று. அவனோடு. முழங்கால் சிமெண்டில் தேய்ந்தது. தோள் மூடியில் இடித்தது. அவன் அவளைப் பார்த்தான். சின்னப் பிள்ளையில் அவள் கையைப் பிடித்து வேதக்கோயிலுக்குக் கூட்டிப் போன அதே முகம். ஜெஸ்மியின் கை நீளவில்லை.

தண்ணீர் ஒருமுறை சளப்பென்றது.

உள்ளே கம்ப்ரசர் தடதடத்தது. தொட்டியில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஓஸோ ஒன்றுதான். கொஞ்ச நேரம். ஒரு இடத்தில் குமிழி நின்றது. இன்னொன்றில் நிற்கவில்லை.

எது, யாருடையது? அவள் மண்டியிட்டாள்.

ஒரு கை விளிம்புக்கு வந்தது. ஊறி வெளுத்த கை. நகமில்லை. தரையைத் தடவியது. அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

“வாங்க,” என்றாள். “நான் தூக்குதேன். வாங்க.”

வந்தான். தலை. தோள். ரப்பர் முனையைப் பல்லில் கடித்தபடி டிக்சன். அவன் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு சிலுவையின் கைகள். தோளுக்கு மேலே சிலுவையின் முகம், வாய் திறந்து, வாய் நிறையத் தண்ணீர்.

டிக்சன் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. வாயிலிருந்த ரப்பர் முனையை எடுத்தான். அது உஸ்ஸென்று காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவள் கையை விடாமல், அதை மெதுவாக அவள் உதட்டருகே நீட்டினான்.