மருந்துக் கையேட்டில் மறைந்த புள்ளிகள்

“என்னிய அரெஸ்ட் பண்ணப் போறாங்க சார். நான் அடிச்சது ரெண்டரைதான். புக்குல இருபத்தஞ்சுன்னு கீது!”

தாம்பரத்தில் துப்பறிவாளர் தேவானந்தத்தின் அறையில் நின்று இப்படிக் கதறியவள் புஷ்பம். கோவளத்து மீனவர் வீட்டுப் பெண், அச்சுக்கோப்பு நிறுவனமொன்றில் கணினித் தட்டச்சர். அவளும் தட்டச்சு செய்த மருத்துவக் கையேட்டை நம்பி, 2.5 மில்லி கொடுக்க வேண்டிய மருந்தை 25 மில்லி கொடுத்ததில் கீழ்க்கட்டளைச் சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தை மாண்டது. படித்த கைகள் எத்தனையோ புரட்டிய நூல். பழியோ மீன் விற்பவள் மகளைத் தேடி வந்தது!

அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுத்து, அவள் கொண்டுவந்த மெய்ப்புப் படியையும் அச்சான நூலையும் தேவானந்தம் அருகருகே விரித்தார். மெய்ப்பில் 2.5, நூலில் 25. காய்ச்சல் அத்தியாயத்தில் 98.6 என்பது 986 ஆகியிருந்தது. மெய்ப்பின் ஓரங்கள் வெறுமை. நூலின் ஓரங்களிலோ பூங்கொடி.

“காய்ச்சல் அத்தியாயத்தை அடித்தது யார்?”

“வேற ஆளு சார். மகேஷு.”

“கிளம்பு, ஜெயப்ரியா!” என்றார் உதவியாளரிடம்.

நிறுவனத்தில் உரிமையாளர் ஸ்ரீரங்கனும் காவல் ஆய்வாளரும் காத்திருந்தனர்.

“இதுங்கள வேலைக்கு வச்சதே என் தப்பு சார்,” என்றார் ஸ்ரீரங்கன்.

“தட்டச்சுப் பிழை ஒருவர் விரலோடு நிற்கும்,” என்றார் தேவானந்தம். “இங்கே இருவர் அடித்த அத்தியாயங்களிலும் தசமப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆகவே குற்றம் கோப்பின் தலைப்பகுதியில். நூல் முழுவதையும் ஆளும் கட்டளைகள் அடங்கிய மேக்ரோ தொகுப்புகளை அங்கேதான் ஏற்றுவார்கள். அதைத் தொடும் உரிமை யாருக்கு?”

“ஓனருக்கு மட்டும்தான்,” என்றாள் புஷ்பம்.

ஜெயப்ரியா கோப்பைத் திறந்தாள். “சார், கடைசியா பூங்கொடித் தொகுப்பு ஒண்ணு ஏத்தியிருக்காங்க!”

“அதை நீக்கிவிட்டு ஓட்டு.”

திரையில் எல்லாப் புள்ளிகளும் திரும்பி வந்தன.

“எப்படி சார்?” என்றார் ஆய்வாளர்.

“இந்தக் கோப்பில் எண்ணுக்குள் புள்ளியைக் கட்டளை கொடுத்துத்தான் வைக்கிறார்கள்; அதற்கு ‘டாட்’ என்று பெயர். கொடியில் மொட்டு வரையும் கட்டளைக்கும் அதே பெயர். ஒழுங்காக எழுதிய தொகுப்பானால், பெயர் முன்பே இருப்பதைக் கண்டு பிழை காட்டி நின்றிருக்கும். இது ஓசையின்றி முன்னதை அழித்தது. கொடிக்கு வெளியே எதையும் வரையாமல், இடமும் விடாமல் எண்களை ஒட்டிவிட்டது. புதிய தொகுப்பை ஏற்றினால் மெய்ப்பை மீண்டும் பார்த்தாக வேண்டும். பார்த்தீர்களா, ஸ்ரீரங்கன்?”

“வெளியீட்டு விழாவுக்கு அழகா இருக்கட்டுமேன்னு... ஒரு லைன்தான சார்!”

“ஆம். ஒரு குழந்தைதான்.”

ஆய்வாளர் ஸ்ரீரங்கனை ஜீப்புக்கு அழைத்துச் சென்றார். “நீ வூட்டுக்குப் போம்மா,” என்றார் போகும்போது.

புஷ்பம் அசையவில்லை. “இந்த புக்கு இன்னும் எத்தினி ஊருக்குப் போய்க்கீது!” என்றவள், தொலைபேசியை இழுத்து, நூல் அனுப்பிய பட்டியலில் முதலில் இருந்த சுகாதார நிலையத்தின் எண்ணை அழுத்தினாள்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.