அறை காட்டிய நிமிடம்

அவள் ஊதியதைப் போன் கேட்கவில்லை.

மாலை நாலு மணி. ஆறரைக்கு நிகழ்ச்சி. எண்பது நாற்காலி போட்ட அந்தச் சின்ன அரங்கத்தில் இன்னும் ஆள் வரவில்லை; பழைய கம்பளத்தின் ஈர வாடையும், மேலே எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஏசியின் முனகலும், மடித்துக் கட்டிய கறுப்புத் திரைக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த இருட்டும்தான் இருந்தன. மேடையில், தாங்கியில் நிறுத்திய போனுக்கு முன்னால் உட்கார்ந்து, எப்போதும் போல் உதட்டைக் குவித்து அவள் மறுபடி ஊதினாள். மற்ற நாளாக இருந்தால் அந்த ஊதலுக்கு ஸ்பீக்கரிலிருந்து ஒரு கனத்த நாதம் கிளம்பி, தரையோடு தரையாக வந்து உள்ளங்காலைத் தொடும். இன்று ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை.

மைக் அடைத்துக்கொண்டதோ என்று விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். சொடுக்குக்குச் சத்தம் வந்தது. தங்கையைக் கூப்பிட்டு ஊதச் சொன்னாள். தங்கை ஊதியதும் நாதம் கும்மென்று எழும்பியது. அவள் ஊதினாள். ஒன்றுமில்லை.

"என்னக்கா, போன் உன்கிட்ட மட்டும் கோவிச்சுக்கிச்சா?" என்று தங்கை சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் சிரிப்பதில் எவ்வளவு நிஜம் என்றுதான் பார்த்தாள்.

மூன்று பேர் கொண்ட குழு அது. வாத்தியம் என்று சொல்லிக்கொள்ள மூன்று செல்போன்கள்தான். தங்கை தன் போனைச் சாய்த்தும் திரையை வருடியும் தந்தி ஒலி எழுப்புவாள். தங்கையின் கணவர் திரையில் பத்து விரலையும் பறக்கவிட்டுத் தாளம் போடுவார். இதற்கான செயலியை எழுதியவரும் அவர்தான். வீட்டில் மிக்ஸியைக்கூடச் சும்மா விடாமல் கழற்றிப் பார்க்கிற மனிதர் என்பதால் எல்லோருக்கும் அவர் மெக்கானிக். மூச்சு மட்டும் அவளுடையது. ஆறு வருஷமாக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற இருவரும் வாசித்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் போகும்போது நெஞ்சிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு போட்ட புதுப் பாட்டில் மூன்றாவது வரியை ஒரே மூச்சில் இருபத்தாறு விநாடி இழுக்க வேண்டும். அவளால் பத்தொன்பதைத் தாண்ட முடியவில்லை. "அடியில ஒரு ரெக்கார்டிங் ஓட விட்டுடலாம்க்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்று மெக்கானிக் ஒரு நாள் நைசாகக் கேட்டார். "அப்புறம் நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கணும், அலங்காரத்துக்கா?" என்று அவள் எரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் அவள் உள்ளே வந்தால் அவர்கள் பேச்சு நின்றது. முந்தாநாள் தங்கையின் போனில் ஒரு சுவரொட்டியின் மாதிரி கண்ணில் பட்டது. அதில் இரண்டே முகங்கள்தான் இருந்தன.

இன்று வெளிநாட்டுப் பயணத்துக்குக் குழு தேர்ந்தெடுக்கும் அமைப்பாளர் முதல் வரிசையில் உட்காரப்போகிறார். மூன்றாவது வரி முழுசாக வந்தால் அவளும் போவாள். அறுந்தால், அந்தச் சுவரொட்டிதான்.

"தம்பி, அறை காட்டுனப்போ உள்ள யார் இருந்தா?" என்று அவள் கேட்டாள்.

அறை காட்டுவது என்பது அவர்களுக்குள் புழங்கும் பேச்சு. வாசிக்கிற இடத்தில் போனை ஒரு நிமிடம் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். அந்த நிமிடத்தில் காதில் விழும் ஏசி, மின்விசிறி, தெரு இரைச்சல் எல்லாவற்றையும் போன் பழகிக்கொள்ளும். அப்புறம் அவற்றை இல்லாததாகவே வைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஒரு தடவை மெக்கானிக் மறதியாக உள்ளேயே நின்று சாவிக்கொத்தை ஆட்டிவிட்டார். அன்று மாலை மணியோசை வர வேண்டிய இடத்திலெல்லாம் போன் ஊமையாகிவிட, அவர் அசடு வழிந்துகொண்டிருந்தார்.

"யாரும் இல்லையேக்கா. மூணு பேரும் வெளியதானே நின்னோம்?"

"நீங்க நடுவுல தண்ணி எடுக்கப் போனீங்க."

"போனேன். உள்ள வரலையே!"

ஆறு வருஷத்து ஒத்திகைப் பதிவுகள் அவரிடம்தான் கிடக்கின்றன. அவள் மூச்சை அந்த ஒரு நிமிடம் உள்ளே ஓடவிட்டால் போதும். போன் அவளை ஏசி இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துவிடும். அப்புறம், 'அக்காவுக்கு முடியலை பாவம்' என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டால் ஆயிற்று. கூடப் பிறந்தவளே இப்படிச் செய்வாளா என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது.

"இன்னொரு தடவை காட்டலாம். நானே பாத்துக்கறேன்," என்றாள்.

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தாள். திரையை விலக்கிப் பின்னால் இருந்த செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அவர்கள் இருவருடைய போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அரங்கத்துக்கு ஒரே கதவு. பூட்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, இருவரையும் கண்ணெதிரே நிறுத்தினாள். தங்கையின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எங்களைச் சந்தேகப்படறியாக்கா?"

அவள் கதவில் காதை வைத்தாள். மரத்தின் குளிர்ச்சி மட்டும்தான் கன்னத்தில் பட்டது.

ஒரு நிமிடம் முடிந்ததும் உள்ளே போய் ஊதினாள். ஸ்பீக்கர் அசையவில்லை.

அறை காட்டிய ஒலியைச் செயலி ஒரு ஓரத்தில் சேமித்து வைக்கும். அதை இதுவரை யாரும் திறந்து கேட்டதில்லை. வெற்று அறையில் கேட்க என்ன இருக்கிறது? அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திறந்தாள்.

பூட்டு விழும் சத்தம். ஏசியின் முனகல். எங்கோ தூரத்தில் ஒரு வண்டி தேய்ந்து மறைகிறது. பத்து விநாடி, பதினைந்து விநாடி வரைக்கும் அவ்வளவுதான். பிறகு கம்பளத்தின் மேல் ஏதோ மெதுவாக நகர்வது போல ஒரு உரசல். அது நின்றது. ஏசி ஓசைக்கு அடியில், முதலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி, யாரோ மூச்சு விட்டார்கள்.

உள்ளே இழுக்கும்போது கடைசியில் ஒரு சின்னத் தடுக்கல். மூக்குத்தண்டு வளைந்திருப்பதால் வரும் தடுக்கல். அது அவளுடையது.

மூச்சு மைக்குக்கு அருகில் வந்தது. இன்னும் அருகில். நின்றது. பிறகு ஊதத் தொடங்கியது. மூன்றாவது வரி. அவள் கண் தானாகவே ஓடும் விநாடியைப் பார்த்தது. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

இருபது.

இருபத்துநாலு. இருபத்தாறு.

நடுங்காமல் வந்து முடிந்தது.

காய்ச்சலுக்கு முன்பு இந்தப் பாட்டே கிடையாது. அவள் இந்த வரியை ஒரு தடவைகூட முடித்ததில்லை. முடிக்காததை யார் பதிவு செய்து வைத்திருக்க முடியும்?

"இதைக் கேளு," என்று தங்கையின் காதில் ஹெட்போனை வைத்தாள். தங்கை கண்ணை மூடி நிமிடம் முழுக்கக் கேட்டாள்.

"ஏசி சத்தம்தான்க்கா வருது."

மெக்கானிக்கும் கேட்டார். "சுத்தமா இருக்கு. ஏன், என்னாச்சு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் கவனித்தாள். பொய் சொல்கிறார்கள் என்று நம்ப ஆசைப்பட்டாள். பொய்யாக இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி!

"இன்னைக்கு அறை காட்ட வேண்டாம். எல்லாத்தையும் அழிங்க. என் கண்ணு முன்னாடி," என்றாள்.

மெக்கானிக் மறுபேச்சு பேசாமல் அழித்தார். போனில் வேறு பதிவு எதுவும் இல்லை என்பதை அவளே தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். மற்ற இரண்டு போனோடும் இருந்த இணைப்பைத் துண்டித்தாள். கடைசியாக ஊதிப் பார்த்தாள். நாதம் எழுந்து காலைத் தொட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறரைக்கு அரங்கம் நிறைந்தது. முதல் வரிசையில் அமைப்பாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு மங்கி, மேடையில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அவள் ஊதினாள். முதல் வரி வந்தது. தங்கை தந்தியை மேலே படரவிட்டாள். மெக்கானிக்கின் விரல்கள் மழைத்தூறலாக இறங்கின. இரண்டாவது வரியும் வந்தது. கூட்டம் மூச்சுக் காட்டாமல் கேட்டது.

மூன்றாவது வரி. நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்துப் பிடித்து ஊதினாள். பதினைந்தில் விலா வலித்தது. பதினெட்டில் கண் இருண்டது. பத்தொன்பதில் மூச்சு அறுந்தது. வாயை எடுத்துவிட்டாள்.

நாதம் நிற்கவில்லை.

பாவி, ஓட விட்டுவிட்டாரே என்று மெக்கானிக் பக்கம் திரும்பினாள். அவருடைய பத்து விரலும் அவர் போனில்தான் இருந்தன. அவர் முகம் பூரித்திருந்தது. இருபத்தாறு விநாடி முடிந்து, மூச்சு வாங்கும் இடைவெளி விட்டு, நாலாவது வரி தொடங்கியது. அவள் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். மூச்சையே விடாமல் அடக்கினாள். வரி குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போனின் கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மேடை நடுவில் ஒருத்தி எழுந்தால் எண்பது தலையும் திரும்ப வேண்டும். ஒன்றும் திரும்பவில்லை.

"நிறுத்துங்க," என்றாள்.

யாரும் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க! அது நான் இல்லை!"

தொண்டை கிழியக் கத்தினாள். அமைப்பாளர் தலையை லேசாக ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தாளம் தவறவில்லை. தன் உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதினாள். கையில் காற்றே படவில்லை. மறுபடி ஊதினாள். படவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் கூரையை முட்டியது. அமைப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

"அக்கா!" என்றாள் தங்கை. கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "முடிச்சுட்டியே! நீ இல்லாம நாங்க எங்கயும் போறதா இல்லை. மூணு பேரும்தான் போறோம். என் போன்ல நீ பாத்த அந்தப் போஸ்டர் வெறும் மாதிரி, உன்னோட போட்டோ கிடைக்கலைன்னுதான்."

"நான் இங்க இருக்கேன்டி," என்றாள் அவள், தங்கைக்கு இந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு.

தங்கை அந்தப் பக்கம் திரும்பினாள். காலி நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்திருப்பவரின் தோள் இருக்கும் உயரத்தில், கையை நீட்டி வைத்தாள். கை கீழே விழவில்லை. எதன் மேலோ அழுந்தி நின்று, மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.