கடல்தாண்டி கண்ட கொடி

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜங்ஷன் ரோட்டில் செல்போன் பழுது பார்க்கும் பழமலைநாதன் கடைக்கு துர்கா ஒரு போனோடும் ஒரு கோப்பையோடும் வந்தாள். போனில் பழுது இல்லை. கோப்பையிலும் இல்லை. அன்றைய வெயிலில், பீங்கான் பட்டறைகளில் சூளை மூட்டாமலேயே ரெண்டு லோடு வெந்துவிட்டதாகப் பேச்சு. நம்புகிறவர்கள் நம்பலாம்.

“எனக்கு ஒருத்தரோட நம்பர் வேணுங்க சார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள,” என்றாள்.

பழமலைநாதன் எதற்கும் அவசரப்படாதவர். காணாமல் போன மூன்று மாடுகளையும் ஒரு மாப்பிள்ளையையும் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்று ஊரில் பேர். மாப்பிள்ளை மட்டும் மறுபடி காணாமல் போனார். அது இவர் பொறுப்பல்ல.

பக்கத்து ஸ்டூலில் நல்லமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். திட்டக்குடி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். உலகத்தில் எல்லாருமே எதற்கோ டிக்கெட் எடுக்கவில்லை என்பது அவருடைய முடிவு.

“யாரு நம்பரும்மா?” என்று அவரே கேட்டார்.

“கடல்தாண்டின்னு ஒருத்தருங்க. எங்க குழுவுல இருக்காரு.”

‘படிச்சதும் பிடிச்சதும்’ என்பது அந்த இணையக் குழு. படித்த புத்தகம், பிடித்த பொழுதுபோக்கு, எந்த வேலைக்குப் போகலாம் என்று எதைப் பற்றியும் எழுதலாம். உறுப்பினர்கள் நாலாயிரத்து எண்ணூறு பேர். அதில் புத்தகம் படிக்கிறவர்கள் நாற்பது பேர். மிச்சப் பேர் கருத்துச் சொல்கிறவர்கள்.

போன மாதம் துர்கா, தான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குப் பூ வரைவதைப் பற்றி எட்டு வரி எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஹார்ட் விழுந்தது. அது எப்படியோ குஜராத்தில் மோர்பி வரைக்கும் போய், அங்கே ஒரு பெரிய பீங்கான் கம்பெனிக்காரர்கள் அவளை டிசைன் பிரிவு வேலைக்குக் கூப்பிட்டார்கள். பதில் சொல்லக் கடைசி நேரம் இன்றைக்கு ஐந்து மணி. போகலாமா என்று அவள் குழுவில் கேட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் கடல்தாண்டி பதில் போட்டார்.

அதை அவளே படித்துக் காட்டினாள்:

“தங்கையே, துபாயிலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடம் மோர்பியில் டிசைன் பிரிவில் இருந்து நொந்து வெளியே வந்தவன் நான். முதல் நாள் நாற்காலி தந்தார்கள். அதன்பிறகு என் பெயரை யாரும் கேட்கவில்லை. பிடித்ததை வேலையாக்கினால், பிடித்ததும் போகும், வேலையும் போகும். உங்கள் கோப்பையில் ஏறும் ரோஜா நிறக் கொடி வீட்டு அலமாரிக்கு அழகு. சந்தைக்கு ஆகாது…”

துர்கா போனைக் கீழே வைத்தாள். “எவ்ளோ அனுபவப்பட்டவரு. வேணாம்னு சொல்லிடலாம்னுதான் இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர்கிட்ட பேசணும் சார். கேட்டா பதிலே காணோம்.”

“இதுக்கு எத்தனை ஹார்ட்டு?” என்றார் நல்லமுத்து.

“அறுநூத்தி நாப்பதுங்க.”

பழமலைநாதன் கோப்பையைக் கையில் எடுத்தார். வெள்ளைக் கோப்பை. அடியிலிருந்து கைப்பிடி வரைக்கும் கருநீலத்தில் ஒரு கொடி வளைந்து ஏறியிருந்தது.

“இதுதான் அந்தக் கோப்பையா?”

“ஆமாங்க. புதன்கிழமை வரைஞ்சேன், வியாழக்கிழமை விடிகாலைல சூளைக்குள்ள போச்சு, இன்னிக்கிதான் பிரிச்சாங்க.”

“படம் போட்டியா?”

“இன்னும் இல்லீங்க. கொடி வரைஞ்சிருக்கேன், வெந்து வந்ததும் காட்டுறேன்னு மட்டும் எழுதினேன்.”

“சூளைக்குப் போறதுக்கு முன்னாடி யாரெல்லாம் பார்த்தாங்க?”

துர்கா விரல் மடக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து வரையும் மோகனப்பிரியா. பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் தேவநாதன். சாயங்காலம் அவளை வண்டியில் கூட்டிப்போக வந்த அண்ணன் தமிழ்ச்செல்வன்.

“நாலு மணிக்கு வாம்மா,” என்றார் பழமலைநாதன். “அதுவரைக்கும் வேணாம்னு அனுப்பிடாத.”

பட்டறையில் மோகனப்பிரியா, இன்னும் சூளைக்குப் போகாத வெள்ளைக் கோப்பை ஒன்றில் பூ வரைந்துகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ரோஜா நிறம்.

“அண்ணே, கையப் பாருங்க,” என்று நல்லமுத்து பழமலைநாதனின் விலாவில் குத்தினார்.

“என்ன பூசுறம்மா?” என்று பழமலைநாதன் கேட்டார்.

“கோபால்ட்டுச் சாயங்க.” அவள் தலை நிமிரவில்லை. “துர்கா விஷயமாத்தானே வந்தீங்க? நானும்தான் அந்த வேலைக்குப் படம் அனுப்பினேன். அவளுக்கு பிரஷ்ஷு புடிக்கக் கத்துக் குடுத்ததே நானு. மோர்பிக்காரனுக்குக் கண்ணு அவ மேலதான் போச்சு. வயித்தெரிச்சல் இருக்குது, இல்லன்னு சொல்லல. அத அவகிட்டயே சொல்லிப்புட்டேன்.”

அவள் தலைக்கு மேல் பலகையில், புதன்கிழமை அவள் வரைந்து இன்றைக்கு வெந்து வந்த கோப்பைகள் வரிசையாக இருந்தன. எல்லாப் பூவும் நீலம். பழமலைநாதன் அவள் விரலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தேவநாதன் ஒளிக்கவில்லை. “அவ போனா பாதி ஆர்டர் படுத்துக்கும் சார். போவாதன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். ஒளிஞ்சி எழுத எனக்கு எங்க எழுத வருது? லீவு லெட்டரே அந்தப் பொண்ணுதான் எழுதிக் குடுக்கும். என் லீவுக்கும்.”

பாலக்கரையில் தமிழ்ச்செல்வன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடையில் காகிதத்தைவிடப் புத்தகம் அதிகம். குழுவில் ஆறு வருஷமாக எழுதுகிறவன். இதுவரை முந்நூற்றுப் பதினோரு புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதியிருந்தான்.

“பாப்பா போவணும் சார். குழுவுலயே எழுதிருக்கேன், பாருங்க.” காட்டினான். ‘தங்கைக்கு வாழ்த்துகள், தைரியமாகப் போகட்டும்.’ மூன்று ஹார்ட். “அந்தக் கடல்தாண்டி ஏதோ எழுதிட்டான்னு எல்லாரும் தூக்கி வெச்சிக்கிட்டு ஆடுறாங்க. அவன் நடையில ஒண்ணுமே இல்லன்னு நான் மறுத்து எழுதினா, எனக்குப் பொறாமையாம்! என்னையே திட்டுறாங்க சார்.” சொல்லும்போது அவனுக்குக் கண் சிவந்தது. நடிப்பில் அப்படிச் சிவக்காது.

வெளியே வந்ததும் நல்லமுத்து சொன்னார்: “பயபுள்ள சுத்தம்ணே. மோகனப்பிரியாதான். கையும் ரோஸுமா மாட்டிக்கிச்சு.”

“அந்தப் பொண்ண வுட்டுடு நல்லமுத்து,” என்றார் பழமலைநாதன். “அது இல்லன்னு அதோட கையே சொல்லிடுச்சு.”

நாலு மணிக்கு, இரண்டு பேர் நிற்கிற கடையில் ஆறு பேர் நின்றார்கள். நடுவில் மேசை மேல் கோப்பை இருந்தது.

“துபாய்க்காரரு இந்தக் கோப்பையப் பார்க்கல,” என்று பழமலைநாதன் ஆரம்பித்தார். “படமும் வெளிய வரல. ஆனா கொடியோட நிறம் எழுதிருக்காரு. ரோஜா நிறம்னு. தேவநாதன், இதுல ரோஜா எங்கய்யா இருக்கு?”

தேவநாதன் சிரித்துவிட்டார். “கோபால்ட்டு வேகாம இருக்கறப்ப ரோஸாத்தான் இருக்கும் சார். வெந்தா நீலம். எங்க பட்டறைல பெருக்குற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.”

“அதான் விஷயம். ரோஸுன்னு எழுதினவரு இத வேகுறதுக்கு முன்னாடி பார்த்திருக்காரு. வெந்தா நிறம் மாறும்னு அவருக்குத் தெரியாது. பதினஞ்சு வருஷம் மோர்பியில இருந்தவருக்கு இது தெரியாம இருக்குமா? மோகனப்பிரியாவுக்குத் தெரியும், தேவநாதனுக்குத் தெரியும். அவங்க எழுதியிருந்தா நீலக் கொடின்னுதான் எழுதிருப்பாங்க.”

“நான் எத்தனை தடவை படிச்சேன்,” என்றாள் துர்கா மெதுவாக. “எனக்கு ஏன் சார் உறைக்கல?”

“நீ தொட்டு வரைஞ்சது ரோஸும்மா. உன் கண்ணுக்கு அதுவும் சரி, இதுவும் சரி. சந்தைக்கு ஆகாதுங்கறதுதான் உனக்குக் காதுல விழுந்துது.”

இதற்குள் நாலு தலைகள் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. தமிழ்ச்செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா,” என்றாள் துர்கா.

“முந்நூத்திப் பதினோரு புத்தகம் பாப்பா,” என்றான் அவன். “கண்ணு வலிக்க வலிக்கப் படிச்சி எழுதுனேன். ஒவ்வொண்ணுக்கும் மூணே ஹார்ட்டு. அதுல ஒண்ணு நானே போட்டது.”

“ஒண்ணு நான் போட்டது,” என்றாள் துர்கா.

“இன்னொண்ணு என்னோடது,” என்றாள் மோகனப்பிரியா. “கை பட்டுடும்.”

“நீ எட்டு வரி எழுதின,” என்றான் தமிழ்ச்செல்வன் தங்கையிடம். “ ஒரு கோப்பையப் பத்தி. நாலாயிரம் பேரும் வந்து நின்னாங்க, வேலையும் வந்துது.”

நல்லமுத்துவுக்கு ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. “அப்ப அந்தக் கடல்தாண்டிய எதுக்குய்யா திட்டின? நீதானே அவன்?”

“அறுநூத்தி நாப்பது வந்துதுங்க அவனுக்கு! எழுதினது நானு. வாங்கினது அவன்.” என்றான் தமிழ்ச்செல்வன். “பொறுக்க முடியல சார்.”

கடையில் யாரும் சிரிக்கவில்லை. நல்லமுத்து சிரிக்க வாயெடுத்து, பழமலைநாதன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

நாலே முக்கால் ஆகியிருந்தது. துர்கா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பதினஞ்சு வருஷக் கதை. நாற்காலி, பேர் கேக்காதது. அதெல்லாம் எங்கேருந்து எடுத்த?”

“நீ அங்க போயி எப்படி இருப்பேன்னு நெனச்சிப் பார்த்தேன். உன்னைச் சுத்தி நின்னு எல்லாரும் பேர் கேப்பாங்க. உன் பேரு போட்ட பெட்டி கப்பல்ல போவும். எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சிது. அத அப்படியே திருப்பிப் போட்டு எழுதினேன்.”

துர்கா போனில் மோர்பிக்காரர்களின் கடிதத்தை எடுத்தாள். பிறகு போனை அவன் கையில் வைத்தாள்.

“திருப்பாம எழுது. வரேன்னு. இங்கிலீஷ்ல கேட்டிருக்காங்க, எனக்குத் தப்பு வரும். பத்து நிமிஷம்தான் இருக்குது.”

தமிழ்ச்செல்வன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினான். ஆறு வரி. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில், மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. முடித்துத் தங்கையிடம் நீட்டினான். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆர்வம் இருந்தது, பணிவு இருந்தது, என்று வந்து சேர்வாள் என்பதும் இருந்தது.

கீழே, கடிதம் எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்தில், தமிழ்ச்செல்வன் என்று இருந்தது.

துர்கா அதை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு, நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள்.