மையில் தெரிந்த முண்டாசு

சின்ன மஞ்சள் துணி முடிச்சை அம்மா அவிழ்த்தாள். உள்ளே ஒரு தோடுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கட்டி?" என்று கேட்டாள்.

குழல்வாய்மொழிக்கு எப்படித் தெரியும்? அவளும் இப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். அவள் சடையிலிருந்து குற்றாலத்து அருவித் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அது 1935ஆம் வருஷத்து ஆனி மாதம். சாரல் தொடங்கியதுமே தென்காசியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. குழலியின் வீட்டு வில்வண்டியும் அன்று காலை குற்றாலத்துக்குப் போனது. அம்மா முத்துவடிவு, அத்தை பிச்சம்மாள், குழலி, ஆறு வயதுத் தம்பி வீரபாகு எல்லோரும் போனார்கள். வண்டி ஓட்டியவன் மாடன்.

அருவி விழுகிற வேகத்தில் காதில் கிடப்பது நிற்காது என்று அம்மா சிவப்புக்கல் தோடு இரண்டையும் கழற்றித் துணியில் முடிந்தாள். முடிச்சைத் துணி மூட்டைக்குள் வைத்தாள். மூட்டையை மாடன் பார்த்துக்கொண்டான்.

"ரெண்டையும் முடிஞ்சீங்களா, அம்மா?" என்று குழலி கேட்டாள்.

"முடிஞ்சேனே!" என்றாள் அம்மா. பிறகு நெற்றியைத் தடவினாள். "முடிஞ்சேன்னுதான் நினைக்கேன். ஒண்ணை முடிஞ்சப்போ வீரபாகு தண்ணிக்குள்ள ஓடிட்டான். அவனைப் பிடிக்கப் போனேன். அப்புறம்..."

அப்புறம் என்ன ஆயிற்று என்று அம்மாவுக்கே நினைவில்லை.

குழலிக்கும் தலை சுற்றியது. தோடு அருவித் தண்ணீரோடு போயிருக்கலாம். கரையில் சகதியில் விழுந்திருக்கலாம். குரங்கு ஒன்று மூட்டையை இழுத்தது, மாடன் விரட்டினான். அந்தக் குரங்குகூடக் கொண்டுபோயிருக்கலாம்.

அத்தைக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

"மூட்டை யார்கிட்ட இருந்துது? மாடன்கிட்ட. அவ்வளவுதான்!" என்றாள்.

மாடன் பதறிப்போனான். "நான் எடுக்கலம்மா! முடிச்சை நான் தொடவே இல்ல!"

"எடுக்கலேன்னு காட்டு."

மாடன் மடியை அவிழ்த்து உதறினான். வெற்றிலையும் ஒரு தீப்பெட்டியும் விழுந்தன. மாட்டுக்கு விரித்திருந்த வைக்கோலைக்கூடப் புரட்டிக் காட்டினான்.

"வழியில எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பே" என்றாள் அத்தை.

"ஒளிச்சு வைக்கலேன்னு நான் எப்பிடிம்மா காட்டுவேன்?"

அத்தை உள்ளே போய்விட்டாள். குழலி பின்னாலேயே போனாள்.

"அத்தை, எடுக்கிறவரு ரெண்டையும் எடுப்பாருல்லா? ஒண்ணை ஏன் விட்டுட்டுப் போகணும்?"

"நம்ம சந்தேகப்படக் கூடாதுன்னு ஒண்ணை விட்டிருப்பான்."

மறுநாள் காலை மாடன் வழக்கம்போல வேலைக்கு வந்தான். "பாத்தியா, எம்புட்டுத் தைரியம்!" என்றாள் அத்தை.

"அவரு வராம இருந்தா?" என்று கேட்டாள் குழலி.

"பயந்து ஓடிட்டான்னு அர்த்தம்."

குழலி யோசித்து யோசித்துப் பார்த்தாள். மாடன் வந்தாலும் திருடன், வராவிட்டாலும் திருடன். அப்படியானால் திருடாத மாடன் என்னதான் செய்ய வேண்டும்? அவளுக்கு விளங்கவே இல்லை.

மூன்றாம் நாள் இலத்தூரிலிருந்து கைலாசம் வந்தார். அத்தைதான் ஆள் அனுப்பி வரவழைத்தாள். அவர் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவர். காணாமல் போன மாடு, காணாமல் போன குடம், காணாமல் போன மாப்பிள்ளை எல்லாமே அவருடைய மையில் தெரியுமாம்.

"நானாப் பாக்க முடியாது. பிறக்கும்போது கால் முன்னால வந்த பிள்ளைதான் பாக்கணும். அந்தக் கண்ணுக்குத்தான் தெரியும்" என்றார் கைலாசம்.

"எங்க குழலி அப்பிடிப் பிறந்தவதான்!" என்று அத்தை கைதட்டினாள்.

குழலிக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கூடத்தில் அவளைப் பலகையில் உட்கார வைத்தார்கள். கைலாசம் ஒரு பெரிய வெற்றிலையின் நடுவில் கறுப்பு மையைப் பளபளவென்று தடவி அவள் கையில் கொடுத்தார். அப்பா பால்வண்ணநாதன் தூணருகே நின்றார். வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், மாடன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"என்ன தெரியுது, தாயி?" என்றார் கைலாசம்.

"கறுப்பாத் தெரியுது."

வீரபாகு களுக்கென்று சிரித்தான். அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

"கண்ணைச் சிமிட்டாமப் பாரு. மைக்குள்ள முதல்ல ஒரு ஆள் வந்து தரையைக் கூட்டுவான். தெரியுதா?"

"இல்ல. என் மூக்கு தெரியுது."

"மனசுல கள்ளம் இருந்தா தெரியாது, தாயி. நல்லாப் பாரு."

குழலிக்குத் திக்கென்றது. மனசில் என்ன கள்ளம்? போன வாரம் அம்மாவுக்குத் தெரியாமல் தின்ற வெல்லக்கட்டியா? அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். கண் எரிந்தது. கண்ணீர் திரண்டது. மை மெல்ல ஆடுவதுபோல இருந்தது.

"ஏதோ அசையுது" என்றாள்.

"ஆங்! ஆள்தானே?"

"ஆள் மாதிரி..."

"தலையில முண்டாசு இருக்கா?"

கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். மேலே ஏதோ உருண்டையாக இருந்தது. அது முண்டாசா? முண்டாசு மாதிரித்தான் இருக்கிறதோ?

"இருக்கு" என்றாள் குழலி.

"மாடன்!" என்று கத்தினாள் அத்தை. "நான் சொன்னேன்லா? மாடன்தான் முண்டாசு கட்டுவான்!"

குழலி திடுக்கிட்டாள். அவள் மாடன் பெயரைச் சொல்லவே இல்லையே! முண்டாசு என்றுதானே சொன்னாள்? ஆனால் அதற்குள் கூடமே பேசத் தொடங்கிவிட்டது.

அப்பா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "சாப்பாடு முடியட்டும். அப்புறம் அவனைப் போலீஸ் டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

போலீஸில் ஒருமுறை பெயர் எழுதிவிட்டால் ஊரில் யாரும் மாடனை வண்டி ஓட்டக் கூப்பிட மாட்டார்கள். அது குழலிக்கும் தெரியும்.

அவள் புறவாசலுக்குப் போய்த் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா? கண்ணை மூடினால் இப்போது முண்டாசு நன்றாகவே தெரிந்தது. ஆனால் முன்பு தெரிந்ததா? அவர் கேட்டபிறகு தெரிந்ததா? எது முன்னால், எது பின்னால் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

உள்ளே தட்டில் அந்த வெற்றிலை அப்படியே இருந்தது. கைலாசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழலி வெற்றிலையை எடுத்துவந்து வீரபாகுவைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இதுல என்ன தெரியுது?"

வீரபாகு உற்றுப் பார்த்தான். "ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாருலே. யானை தெரியுதா?"

வீரபாகு நாக்கைத் துருத்திக்கொண்டு பார்த்தான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. "ஆமா! யானை!"

"முண்டாசு கட்டியிருக்கா?"

"கட்டியிருக்கு! ரெண்டு முண்டாசு!"

"யானைக்கு ஒரு தலைதானே இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல" என்றான் வீரபாகு.

குழலி எழுந்து நேரே கூடத்துக்குப் போனாள். கைலாசம் இரண்டாவது முறையாக ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் முண்டாசு பாக்கல."

"பாத்தேன்னு சொன்னியே?"

"முண்டாசு இருக்கான்னு இவங்க கேட்டாங்க. கேட்டதும் இருக்கிற மாதிரி இருந்துது. தொப்பி இருக்கான்னு கேட்டிருந்தா தொப்பி தெரிஞ்சிருக்கும்." குழலி கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்தாள். "நான் இருக்குன்னு சொன்னது தப்பு, அப்பா."

"ஏட்டி!" என்று அத்தை எழுந்தாள். "அப்பம் மை பொய்ங்கியா? பொய்யின்னு காட்டு, பாப்போம்!"

குழலி விழித்தாள். மை பொய் என்று எப்படிக் காட்டுவது? அவள் கண் வாசலுக்குப் போனது. மாடன் இன்னும் வேப்பமரத்தடியில்தான் நின்றான்.

"அத்தை, மாடன் அண்ணன்கிட்டயும் நீங்க இப்பிடித்தான் கேட்டீங்க. எடுக்கலேன்னு காட்டுன்னு. அவராலயும் காட்ட முடியல, என்னாலயும் முடியல." சொல்வது சரியா என்று அவளுக்கே சந்தேகம். "மையில எல்லாம் தெரியும்னு சொல்லுதவங்கதானே காட்டணும்?"

அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதன்மேல் அரிசி அளக்கும் படி கவிழ்த்து வைத்திருந்தது.

"கைலாசம் அண்ணாச்சி, இதுக்குள்ள ஒரு சாமான் இருக்கு. என்னான்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மை சொல்லட்டும்."

கைலாசம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அதுக்கென்ன, பாத்துட்டாப் போச்சு. ஆனா கால் முன்னால வந்த பிள்ளைதான் பாக்கணும்."

"நான் பாக்கேன்! நானும் கால் முன்னாலதான் வருவேன்!" என்று வீரபாகு ஓடிவந்தான். உண்மையிலேயே ஒரு காலை முன்னால் நீட்டித்தான் வந்தான். குழலி மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வேறு வழியில்லை. அவனையே பலகையில் உட்கார வைத்தார்கள்.

"என்ன தெரியுது, தம்பி? மஞ்சளா ஏதாவது?"

"தெரியுது."

"உருண்டையா?"

"உருண்டை!"

"எலுமிச்சம்பழம்தானே?"

"எலுமிச்சம்பழமேதான்!"

"பாத்தியா!" என்றாள் அத்தை பெருமையாக.

அப்பா படியைத் தூக்கினார். உள்ளே சாவிக்கொத்து இருந்தது.

வீரபாகு ஒரு கணம் யோசித்தான். "சாவியும் தெரிஞ்சுது. எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால இருந்துது" என்றான்.

முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு அப்பாவும் சிரித்துவிட்டார். அத்தை மட்டும் சாவிக்கொத்தையே உற்றுப் பார்த்தாள், அது எலுமிச்சம்பழமாக மாறிவிடுமோ என்பதுபோல.

கைலாசம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. குழலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெசமாவே உனக்கு ஒண்ணும் தெரியலையா, தாயி?"

"கறுப்பு தெரிஞ்சுது. என் மூக்கு தெரிஞ்சுது."

"இருபத்தஞ்சு வருசமா மை போடுதேன்" என்றார் அவர் மெல்லிய குரலில். "என் கண்ணுக்கு ஒருநாளும் ஒண்ணும் தெரிஞ்சதில்ல. என்ன கேக்கணும்னு எங்க அப்பா சொல்லிக் கொடுத்தாரு, நான் கேட்டேன். பிள்ளைகளுக்குத் தெரியுது, அதான் சொல்லுதுன்னு நம்பிட்டேன்."

அவர் வெற்றிலையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். குழலிக்குப் பாவமாக இருந்தது. அவளைப்போலவே அவரும் குழம்பிப்போயிருந்தார். கடைசியில் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

குழலி வாசலுக்கு ஓடினாள். அப்பாவும் பின்னால் வந்தார்.

"மாடன் அண்ணே, நான்தான் முண்டாசுன்னு சொன்னேன். மையில எனக்கு ஒண்ணுமே தெரியல. சும்மா சொல்லிட்டேன்."

மாடன் தரையைப் பார்த்தான். அவனுக்கு ரொம்பவே வருத்தம். மூன்று நாளாக ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"நான் எடுக்கலேன்னு இப்பமாவது தெரிஞ்சுதா, ஐயா?" என்று அப்பாவைக் கேட்டான்.

"யாரு எடுத்தா, எங்க விழுந்துதுன்னு எனக்குத் தெரியல, மாடா. எடுத்தேன்னு உன்னைச் சொல்ல எங்ககிட்ட ஒண்ணுமே கிடையாது. சொன்னது எங்க தப்பு."

அப்போது கைலாசம் படியிறங்கி வந்தார். மாடன் அவர் தலையைப் பார்த்தான்.

"பாப்பா, முண்டாசு கட்டினவன் நான் ஒருத்தன்தானா? அந்த அண்ணாச்சி தலையைப் பாரு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கைலாசம் சட்டென்று துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மாடன் சிரித்தான். அவன் சிரித்தபிறகுதான் குழலிக்கு மூச்சு வந்தது.

தோடு அதன்பிறகும் கிடைக்கவில்லை. மீதியிருந்த ஒற்றைத் தோட்டை அம்மா ஆசாரியிடம் கொடுத்து மோதிரமாகச் செய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஐந்து பேரோடு வண்டி மறுபடியும் குற்றாலத்துக்குக் கிளம்பியது. முன்னால் மாடன் உட்கார்ந்திருந்தான். சாரல் காற்று முகத்தில் அடித்தது. அத்தைக்கு மட்டும் மனசு ஆறவே இல்லை.

"சரி, மாடனும் எடுக்கல, மையும் சொல்லல. அப்பம் அந்தத் தோடு எங்கதான் போச்சு?"

குழலி அருவியை நினைத்தாள். குரங்கை நினைத்தாள். சகதியை நினைத்தாள்.

"தெரியல அத்தை" என்றாள்.

"எனக்கும் தெரியல" என்றாள் அம்மா.

"எனக்கும்தான்" என்றான் மாடன் முன்னாலிருந்து.

அத்தை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு சொல்லாமல் மூடிக்கொண்டாள். மாடன் மாடுகளைத் தட்டிவிட்டான். தோடு எங்கே என்று தெரியாத ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி அருவியைப் பார்த்து ஓடியது.